நகர உலா: ஒரு காபிக்கு ஒரு பகல்

1766 ஏப்ரல். வியன்னா நகருக்கு வெளியே, டான்யூப் ஆற்றங்கரையில் பிராட்டர் என்று ஒரு காடு. தலைமுறை தலைமுறையாக அது ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் வேட்டைக்காடு. அரண்மனை ஆட்களும் பிரபுக்களும் தவிர வேறு யாரும் அங்கே நினைத்தபடி போய்வர முடியாது. பட்டத்துக்கு வந்து ஓராண்டுகூட முடியாத இளம் பேரரசர் இரண்டாம் ஜோசப் அந்த மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி பிராட்டருக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். நடக்கலாம், குதிரையில் போகலாம், பந்து விளையாடலாம்.

பிரபுக்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் பேரரசரிடமே போய், எங்களுக்குச் சமமானவர்களோடு மட்டும் பழக ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டாராம். எனக்குச் சமமானவர்களோடு மட்டும்தான் பழகுவேன் என்றால் நான் கப்புசின் நிலவறைக்குள் போய்த்தான் பொழுதைக் கழிக்க வேண்டும் என்றாராம் ஜோசப். ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் சவப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் இடம் அது. உண்மையில் நடந்ததோ, பின்னால் யாராவது கட்டிவிட்டதோ, வியன்னாக்காரர்கள் இந்தக் கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சென்ற வாரம் புடாபெஸ்ட்டில் நின்ற நமது உலா, டான்யூபை எதிர்த்து மேற்கே வந்து இந்த வாரம் வியன்னாவில் இறங்குகிறது. ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான தூரம். சுமார் 20 லட்சம் பேர் வாழும் நகரம். 1910-இலும் ஏறத்தாழ இதே மக்கள்தொகைதான். ஆனால் அன்று அது ஐந்து கோடி மக்கள் வாழ்ந்த பேரரசுக்குத் தலைநகர். இன்று ஒரு கோடியைக்கூட எட்டாத சிறிய நாட்டின் தலைநகர். பேரரசு போய்விட்டது, அதன் தோட்டங்களும் மண்டபங்களும் பழக்கங்களும் ஊர்க்காரர்கள் கைக்கு வந்துவிட்டன.

எப்படி வந்தன என்பதுதான் சுவாரசியம். வியன்னாவின் அன்றாட இன்பம் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், அடியில் ஓர் அரச ஆணையோ, ஒரு வரியோ, ஒரு நகராட்சித் தீர்மானமோ தட்டுப்படும்.

மேசைக்குத்தான் வாடகை

வியன்னா என்றால் முதலில் காபி. 1683-இல் ஒட்டோமான் துருக்கியரின் படை நகரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியபோது சில மூட்டைகளை விட்டுவிட்டுப் போனது. ஒட்டகத் தீவனம் என்று எல்லாரும் ஒதுக்க, கோல்ஷிட்ஸ்கி என்ற ஒற்றன் மட்டும் அது காபிக்கொட்டை என்று கண்டுகொண்டு ஊரின் முதல் காபிக்கடையைத் திறந்தான் என்பது ஊரறிந்த கதை. அவன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, தெருமுனைக் கட்டடத்தில் காபிக்கெண்டி ஏந்திய சிலையும் இருக்கிறது. ஆவணங்களோ வேறு ஆளைக் காட்டுகின்றன. 1685-இல் காபி விற்க உரிமம் வாங்கியவர் யோஹன்னஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனிய வணிகர்.

காபி வந்தது பெரிதில்லை. ஐரோப்பாவின் பல ஊர்களுக்கும் அது அந்தக் காலத்தில்தான் வந்தது. அதைக் குடிக்கிற இடத்தை வியன்னா என்ன செய்தது என்பதைப் பார்க்க, கும்பென்டார்ஃபர் தெருவில் 1880 முதல் இருக்கும் கஃபே ஷ்பெர்லுக்குள் போகலாம். உயரமான சன்னல்கள். தேய்ந்து வழவழப்பான மரத்தரை. வளைத்துச் செய்த தோனெட் நாற்காலிகள், பளிங்குப் பலகை போட்ட சின்ன மேசைகள், ஒரு பக்கம் பில்லியர்ட்ஸ் மேசைகள். செய்தித்தாள்கள் மரச்சட்டத்தில் கோக்கப்பட்டு வாசகருக்காகக் காத்திருக்கும். கறுப்புக் கோட்டும் கழுத்தில் வில்முடிச்சும் அணிந்த பரிமாறுபவரை 'ஹேர் ஓபர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் உடனே வரமாட்டார். வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சிடுசிடுப்பும் கடையின் மரபில் சேர்ந்ததுதான்.

வெறுமனே 'ஒரு காபி' என்று சொன்னால் புரியாதவர்போல நிற்பார். எந்தக் காபி என்று சொல்ல வேண்டும். பாலும் நுரையும் சேர்ந்த மெலாஞ்ச். கொஞ்சம் பாலாடையோடு வரும் ப்ரௌனர், அதிலும் சிறியது பெரியது உண்டு. கண்ணாடிக் குவளையில் கறுப்புக் காபி ஊற்றி மேலே கடைந்த பாலேடு குவித்த ஐன்ஷ்பேனர். இந்தக் கடைசி வகை ஒற்றைக் குதிரை வண்டிக்காரர்களுக்காக வந்தது என்பார்கள். ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் காபி. மேலே மூடியிருக்கும் பாலேடு குளிரிலும் காபியை ஆறவிடாது.

கேட்டது ஓர் உலோகத் தட்டில் வரும். கோப்பை, சர்க்கரை, பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். டம்ளரின் வாயின் குறுக்கே கரண்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இனி நடப்பதுதான் விசேஷம்: ஒன்றுமே நடக்காது. கோப்பை காலியாகி ஒரு மணி நேரம் ஆனாலும் 'வேறென்ன வேண்டும்' என்று யாரும் வந்து நிற்கமாட்டார்கள். தண்ணீர் தீர்ந்தால் நிரப்பி வைப்பார்கள். கேட்காமல் பில் வராது. ஐந்தாறு யூரோ என்பது காபிக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு மேசைக்கான வாடகை என்று நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். ஒரு காபிக்கு ஒரு பகல் முழுக்க உட்காரலாம்.

இந்தப் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பேரரசின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வந்து குவிந்தபோது வியன்னாவில் வீட்டுப் பஞ்சம். வாடகை அறைகள் இருட்டு, குளிர், நெரிசல். அறையில்லாமல் படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்து முறைவைத்துத் தூங்கியவர்களும் இருந்தார்கள். அறைக்கு விறகு வாங்கும் காசில், கணப்பும் வெளிச்சமும் செய்தித்தாளும் பேச்சுத்துணையும் கஃபேயில் கிடைத்தன. எழுத்தாளர்கள் அதை வீடாகவே ஆக்கிக்கொண்டார்கள். பேட்டர் ஆல்டென்பெர்க் என்ற எழுத்தாளரின் தபால்கள் எல்லாம் கஃபே சென்ட்ரல் முகவரிக்குத்தான் வந்தன. 1876-இல் திறந்த அந்தக் கடையின் வாசலருகே அவர் இன்றும் காகிதக்கூழ் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறார்.

1907 முதல் 1914 வரை வியன்னாவில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யர் ஒருவர் அங்கே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். ரஷ்யாவில் புரட்சி வெடிக்கும் என்று யாரோ எச்சரித்தபோது ஒரு அரசியல் தலைவர், 'புரட்சியை யார் செய்யப் போகிறார்? சென்ட்ரலில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஹேர் ப்ரான்ஷ்டைனா?' என்று கேலி செய்ததாக ஒரு கதை. அந்த ப்ரான்ஷ்டைன்தான் லியோன் ட்ராட்ஸ்கி.

இன்று சென்ட்ரலின் வாசலில் சுற்றுலாப் பயணிகளின் வரிசை நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவற்றில் ஒன்று, லியோபோல்ட் ஹவெல்கா தன் மனைவி யோசெஃபினோடு 1939-இல் திறந்த கஃபே ஹவெல்கா. புகை படிந்த சுவர்களும் சுவரொட்டிகளுமாக இருக்கும் இந்தச் சின்னக் கடையில் மாலை எட்டு மணிக்கு மேல்தான் பூஹ்டெல் என்ற ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரும். பிய்த்தால் உள்ளே சுடச்சுட பிளம் பழக்கூழ். லியோபோல்ட் நூறு வயது வரை வாழ்ந்து 2011-இல் காலமானார். அதே ஆண்டுதான் வியன்னாவின் காபிக்கடைப் பண்பாடு ஆஸ்திரியாவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது.

இனிப்புக்கு வழக்கு நடந்த ஊரும் இதுதான். 1832-இல் இளவரசர் மெட்டர்னிக்கின் சமையலறையில் 16 வயது உதவியாள் பிரான்ஸ் ஸாஹர் செய்தது என்று சொல்லப்படும் சாக்லேட் கேக் ஸாஹர்டோர்ட்டே. அசல் எங்களுடையது என்று ஸாஹர் ஹோட்டலும் டெமெல் இனிப்பகமும் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக மோதின. பாதாமி ஜாம் கேக்கின் நடுவிலும் வர வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதெல்லாம் வாதமாயிற்று. 1960-களில் சமரசம். 'அசல்' என்ற சொல் ஸாஹர் ஹோட்டலுக்குப் போயிற்று. இரண்டு கடையிலும் கூட்டம் குறையவில்லை.

பேரரசரின் மாடத்துக்குக் கீழே

ஸாஹர் ஹோட்டலிலிருந்து தெருவைக் கடந்தால் அரசு ஓபரா மாளிகை. 1869 மே 25 அன்று மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி'யோடு திறந்தது. ஓபரா என்றாலே வைர நெக்லஸும் ஆயிரக்கணக்கில் டிக்கெட்டும் என்று நினைப்பவர்களுக்கு வியன்னா ஒரு பக்கவாசலைக் காட்டும். அங்கே நின்றபடி பார்க்கும் இடங்களுக்குத் தனி டிக்கெட். நூற்றுக்கணக்கான இடங்கள், விலை மிகக் குறைவு.

அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. தரைத்தளத்து நிற்குமிடம், பேரரசர் அமர்ந்து பார்த்த நடு மாடத்துக்கு நேர் கீழே. மேடை நேரெதிரே, ஒலி பிசிறில்லாமல் வந்து சேரும். பக்கத்து இருக்கைக்குப் பல மடங்கு காசு கொடுத்தவர் பார்ப்பதும் அதே காட்சிதான். நிற்பவர்களுக்கு முன்னால் ஒரு கம்பி. உள்ளே நுழைந்ததும் கழுத்துத்துணியை அவிழ்த்து அந்தக் கம்பியில் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். நம்மூர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே சட்டம்தான். ஒரு வித்தியாசம், அங்கே அந்தத் துணியை யாரும் தூக்கி எறிவதில்லை. கம்பியிலேயே சின்னத் திரைகள் பொருத்தியிருப்பதால் மேடையில் பாடுவதன் பொருளை எழுத்தில் படித்துக்கொள்ளலாம்.

நிற்பவர்களைப் பாடகர்கள் அலட்சியமாக நினைப்பதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வந்து நிற்கும் ஓய்வூதியக்காரர்களும் இசை மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஒரு பாடலை இதற்கு முன் யார் யார் எப்படிப் பாடினார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பாராட்டும் கூச்சலும் முதலில் எழுவது அங்கிருந்துதான். கீழே குழியில் வாசிக்கும் இசைக்குழுவிலிருந்துதான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன் உறுப்பினர்களை எடுக்கிறது. புத்தாண்டு காலையில் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த இசைக்குழுவைக் குறைந்த காசுக்கு நேரில் கேட்கச் சுலபமான வழி இது. 1842-இல் தோன்றிய ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1997 வரை எடுத்துக்கொண்டது. எல்லாக் கதவும் ஒரே வேகத்தில் திறக்கவில்லை.

1945 மார்ச் 12 அன்று விழுந்த குண்டுகளில் இந்த மாளிகையின் பெரும்பகுதி எரிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, நான்கு வெளிநாட்டுப் படைகளும் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறிய 1955-இல், நவம்பர் 5 அன்று மீண்டும் திறந்தது. அன்று நடந்தது பீத்தோவனின் 'ஃபிடேலியோ', சிறையிலிருந்து விடுதலை பெறும் ஒருவனின் கதை.

ஓபரா முடிந்ததும் பசிக்கும். பின்புறம் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்துப் பக்கம் ஒரு வ்யூர்ஸ்டெல்ஷ்டான்ட், அதாவது தொத்திறைச்சிக் கடை. உட்கார இடம் கிடையாது. பட்டு கவுன் அணிந்த பெண்மணியும் டாக்சி ஓட்டுநரும் ஒரே பலகையில் முழங்கையை ஊன்றி, கடுகு விழுதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த கேஸெக்ரைனர் என்ற வகைக்கு ஏக கிராக்கி. அவசரப்பட்டுக் கடித்தால் சூடான பாலாடைக்கட்டி சட்டையில் பாயும். இந்தக் கடைகளுக்கும் 2024-இல் தேசிய மரபுப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது.

இனிப்புக்காரர்கள் ஆடும் இரவு

குளிர்காலத்தில் வியன்னா ஆடும். நவம்பர் 11-இல் தொடங்கும் நடனப் பருவம் ஜனவரி, பிப்ரவரியில் உச்சம் தொடும். ஒரு பருவத்தில் 400-க்கும் மேற்பட்ட நடன விருந்துகள். உலகத் தொலைக்காட்சிகள் காட்டுவது ஓபரா மாளிகை விருந்தை மட்டும்தான். அன்றைக்கு இருக்கைகளை எல்லாம் கழற்றி, மேடை மட்டத்துக்குப் பலகைத் தரை போட்டுவிடுவார்கள். ஒரு மாடத்தின் வாடகை 20,000 யூரோவைத் தாண்டும். 1987 முதல் அந்த இரவில் வெளியே ஆர்ப்பாட்டங்கள் நடப்பதும் வழக்கமாகிவிட்டது.

ஊர்க்காரர்களின் பருவம் வேறு. மருத்துவர்களுக்கு ஒரு விருந்து, வழக்கறிஞர்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒன்று, இனிப்புச் செய்பவர்களுக்கு ஒன்று. காபிக்கடை முதலாளிகளின் விருந்து ஹோஃப்பர்க் அரண்மனையிலேயே நடக்கிறது. தொழில்தான் அழைப்பிதழ், ஆனால் டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். அரண்மனையின் ரெடூட் மண்டபங்களில் கட்டணம் செலுத்தியவர்கள் வந்து ஆடும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அந்த இரவுகளுக்கு நடன இசை எழுதிக் கொடுத்தவர்களில் மோட்சார்ட்டும் இளம் பீத்தோவனும் உண்டு.

விருந்தைத் தொடங்குவது வெள்ளை உடைப் பெண்களும் கறுப்புக் கோட்டு இளைஞர்களும். அவர்கள் நடனப் பள்ளியில் மாதக்கணக்கில் பழகியது இடப்பக்கமாகச் சுழலும் வால்ட்ஸ். வலப்பக்கச் சுழற்சியைவிடக் கடினம். அவர்கள் ஆடி முடித்ததும் 'ஆலெஸ் வால்ட்ஸர்' என்று ஒரு குரல் கேட்கும். எல்லாரும் ஆடலாம் என்று அர்த்தம். நடுநிசிக்கு குவாட்ரில் வரும். நூற்றுக்கணக்கானவர்கள் எதிரெதிர் வரிசையில் நிற்க, ஒருவர் ஒலிபெருக்கியில் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார். முதல் சுற்றில் எல்லாரும் ஒழுங்கு. சுற்றுக்குச் சுற்று இசை வேகமெடுக்க, கடைசியில் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்றே தெரியாது. சிரிப்புச் சத்தத்தில் கட்டளை கேட்காது. அமைச்சரும் மேசை துடைப்பவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளும் சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

வாசலில் ஊசியிலைக் கிளை

கோடை வந்தால் ஊர் மேட்டுப்பக்கம் ஏறும். டி எண் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போனால் நுஸ்டார்ஃப். 38-இல் போனால் கிரின்ட்சிங். 31-இல் போனால் ஆற்றின் மறுகரையில் ஷ்டாமர்ஸ்டார்ஃப். மூன்றிலும் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள். ஒரு தலைநகருக்குள் 600 ஹெக்டேர் அளவில் திராட்சை விளைவது ஐரோப்பாவிலேயே அபூர்வம்.

அந்தத் தோட்டக்காரர்களின் வீட்டு முற்றங்கள்தான் ஹாய்ரிகர். வாசலில் ஊசியிலைக் கிளை ஒன்று தொங்கினால் கடை திறந்திருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இதற்கும் ஓர் ஆணை உண்டு. பேரரசின் ஒரு மூலையில் ஒரு பிரபு, தன் ஒயினை மட்டும்தான் விற்க வேண்டும் என்று சத்திரக்காரர்களைக் கட்டாயப்படுத்த, புகார் இரண்டாம் ஜோசப்பிடம் போனது. 1784 ஆகஸ்ட் 17 அன்று அவர் போட்ட ஆணைப்படி, தானே விளைவித்த ஒயினையும் உணவுப்பொருளையும் எந்தக் குடியானவரும் ஆண்டு முழுக்க எந்த விலைக்கும் விற்கலாம். ஹாய்ரிகர்கள் அந்த உரிமையில்தான் வளர்ந்தன.

அதே ஆண்டு அவர் போட்ட இன்னொரு ஆணையை ஊர் ஏற்கவில்லை. மரம் வீணாகிறது என்று சொல்லி, அடிப்பலகை திறந்து சடலத்தைக் குழியில் இறக்கிவிட்டு மறுபடி பயன்படுத்தக்கூடிய சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். கடைசி ஊர்வலத்தைக் கோலாகலமாக நடத்த வேண்டும் என்று நினைக்கிற ஊர் கொதித்து எழுந்தது. சில மாதங்களில் பேரரசர் பின்வாங்கினார்.

ஹாய்ரிகரில் கிடைக்கும் ஒயினில் பேர் பெற்றது கெமிஷ்டர் ஸட்ஸ். ஒரே தோட்டத்தில் பல ரகக் கொடிகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து, ஒன்றாகப் பிழிவது. ஒரு ரகம் பனியில் கருகினாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்ற பழைய விவசாயியின் கணக்கு அதற்குள் இருக்கிறது. மது வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. சாப்பாட்டைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கைகாட்டி வாங்க வேண்டும்: கறுப்பு ரொட்டி, மிளகாய்ப்பொடி கலந்து சிவந்த லிப்டவர் பாலாடைக்கட்டி, ஊறுகாய், உருளைக்கிழங்கு சாலட். அக்கார்டியனோடு யாராவது மூலையில் பாடிக்கொண்டிருந்தால், பாட்டின் பொருள் பெரும்பாலும் இரண்டுதான்: ஒயின், சாவு. பாடுபவர் சிரித்துக்கொண்டேதான் பாடுவார்.

குழாயில் வரும் மலை

அரசர்கள் திறந்த கதவுகள் போதாத காலம் ஒன்று வந்தது. 19-ஆம் நூற்றாண்டு வியன்னாவின் கிணறுகளில் காலராவும் டைஃபாய்டும் இருந்தன. புவியியல் அறிஞரும் நகர்மன்ற உறுப்பினருமான எடுவார்ட் ஸூஸ், தொலைவிலுள்ள ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரலாம் என்றார். பலர் சிரித்தார்கள். 1873 அக்டோபர் 24 அன்று ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் முன்னிலையில் நீரூற்று பீறிட்டது. 1910-இல் இரண்டாவது குழாய்த்தடம் வந்தது. அதில் வரும் தண்ணீர் ஸ்டிரியா மாநிலத்து மலையிலிருந்து சுமார் ஒன்றரை நாள் ஓடி ஊருக்குள் நுழைகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் சரிவே போதும். இடையில் பம்பு தேவையில்லை. காபிக்குப் பக்கத்தில் வைக்கும் அந்த டம்ளரில் இருப்பது இதுதான். இந்த நீர்வளத்தைக் காக்க 2001-இல் நகரம் தன் அரசியல் சட்டத்திலேயே வழிசெய்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு பேரரசு உடைந்தது. 1919 தேர்தலில் நகராட்சி சோஷலிஸ்டுகள் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ ப்ரைட்னர் பந்தயக் குதிரைக்கும் ஷாம்பெயினுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் காருக்கும் வரி போட்டார். 1923-இல் வீட்டுக் கட்டுமான வரி வந்தது. பெரிய மாளிகைக்கு மிக அதிகம், சின்ன வீட்டுக்குச் சொற்பம். அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற ஒரே குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது; ஏறத்தாழ 1,400 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் எழுப்பி, மிச்சத்தைத் தோட்டமாக விட்டார்கள். பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி எல்லாம் உள்ளேயே. இன்றும் வியன்னாவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ, மானியம் பெற்ற கூட்டுறவு வீடுகளிலோதான் வாழ்கிறார்கள். வாடகை சம்பளத்தை விழுங்காததால்தான் காபிக்கும் டிக்கெட்டுக்கும் காசு மிஞ்சுகிறது.

திறந்த கதவுகளை அடைக்கவும் முடியும் என்பதையும் இந்த ஊர் பார்த்தது. 1934 பிப்ரவரியில் அரசுப் படை கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பின்மேல் பீரங்கியால் சுட்டது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை உள்ளே வந்தபோது தெருவில் ஆரவாரம் செய்து வரவேற்றவர்களும் வியன்னாக்காரர்கள்தான். சில வாரங்களில் பூங்கா பெஞ்சுகளில் யூதர்கள் உட்காரக் கூடாது என்றானது. பூங்காக்கள், நீச்சல் குளங்கள், கஃபேக்கள் ஒவ்வொன்றாக அவர்களுக்குக் கதவை மூடின. காபிக்கடை மேசைகளில் உட்கார்ந்து எழுதியவர்களில் பெரும்பகுதி யூதர்கள். 1881 முதல் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் வயலின் கலைஞராக இருந்த அர்னால்ட் ரோஸே வெளியேற்றப்பட்டு லண்டனில் இறந்தார். பிராட்டரின் ராட்சத ராட்டினத்துக்கு உரிமையாளரான எடுவார்ட் ஷ்டைனரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 1944-இல் அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஆஸ்திரியாவின் யூதர்களில் 65,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுமார் 65 மீட்டர் உயர ராட்டினம் போரில் எரிந்து, 30 பெட்டிகளுக்குப் பதில் 15 பெட்டிகளோடு மறுபடி சுற்றத் தொடங்கியது.

போருக்குப் பிந்தைய வியன்னா கட்டிய பெரிய இன்பம் ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டத்திலிருந்து வந்தது. டான்யூப் பெருகினால் தண்ணீரை வாங்கிக்கொள்ள 1972 முதல் 1988 வரை புதிய கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். தோண்டிய மண்ணை ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் கொட்ட, 21 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தீவு உருவானது. மண்மேட்டை விற்று அடுக்குமாடி கட்டுவதற்குப் பதிலாக மரம் நட்டு ஊருக்கு விட்டுவிட்டது நகராட்சி. சுரங்க ரயில் தீவின் நடுவிலேயே நிற்கிறது. 2012-இல் பேருந்து, டிராம், ரயில் எல்லாவற்றுக்குமான ஆண்டு பாஸ் 365 யூரோ ஆக்கப்பட்டு, நாளுக்கு ஒரு யூரோ என்ற அந்த விலை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. ஜூலை மாதத்து மாலையில் அலுவலகம் முடிந்து வருபவர்கள் பையிலிருந்து துவாலையை எடுத்துக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. 1984-இலிருந்து இங்கே நடக்கும் மூன்று நாள் இசை விழாவுக்கும் டிக்கெட் கிடையாது.

அடுத்த வாரம் உலா 71-ஆம் எண் டிராமில் ஏறுகிறது. 'அவர் 71-ஐப் பிடித்துவிட்டார்' என்றால் வியன்னாவில் ஆள் போய்விட்டார் என்று பொருள். டிராம் போய்ச் சேரும் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருப்பவர்கள் ஏறத்தாழ 30 லட்சம், ஊரின் இன்றைய மக்கள்தொகையைவிட அதிகம். பீத்தோவனை வேறு இடத்திலிருந்து தோண்டி எடுத்து அங்கே கொண்டுவந்தது ஏன், மோட்சார்ட்டுக்கு நினைவுச்சின்னம் மட்டும் இருந்து உடல் இல்லாமல் போனது எப்படி, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக அங்கே நடக்கப் போகிறவர்கள் யார் என்பதையெல்லாம் அப்போது பார்க்கலாம்.

(உலா தொடரும்)